காஜா இலைக் கொடி

அந்த வருடம் மழைக்கு முன்பாகவே ஊரிலுள்ள தலையணைகள் எல்லாம் முளைத்துவிட்டன. காலையில் எழுந்தவர்களின் காதோரத்தில் பச்சைத் தளிர் எட்டிப் பார்த்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியரை மட்டும் கட்டிலிலிருந்து அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தப்பு முழுக்கத் தையல்காரருடையது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. அவரைத் திட்டிக்கொண்டே எல்லோரும் தலையணைக்குத் தண்ணீர் தெளித்தார்கள்.

கொடியைக் கொண்டுவந்தவர் தையல்காரரின் மைத்துனர். கப்பலில் இயந்திரம் பார்ப்பவர். அக்காவைப் பார்க்க விடுப்பில் வந்தபோது, ஏதோ குளிர்ந்த துறைமுகத்தில் பிடுங்கிய கொடியை பிஸ்கட் டப்பாவில் நட்டுக் கடையில் இறக்கினார். "தண்ணி மட்டும் ஊத்துங்க அத்தான், மத்ததை அதுவே பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் பொய் ஒன்றுமில்லை. முதல் கோடையில் கொடி வாடி வதங்கி, இன்றோ நாளையோ என்று கிடந்தது. பிறகு இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் குடிக்கப் பழகிக்கொண்டது. தையல் இயந்திரம் ஓடும்போது வளர்ந்தது, நிற்கும்போது நின்றது. அதற்கப்புறம் விட்ட இலைகளின் ஓரமெல்லாம் மடித்துத் தைத்தாற்போல் இருந்தது. ஒவ்வோர் இலையின் நடுவிலும் பட்டன் நுழைகிற அளவில் ஒரு காஜா. நூல் சுற்றியது கூடத் தப்பவில்லை. கடை வாசலில் கூட்டம் நெரிந்தது. துணி தைக்கக் கொடுத்தவர்கள் துணியை மறந்துவிட்டு இலையைத் தடவிப் பார்த்தார்கள்.

காஜா எடுப்பது, பட்டன் தைப்பது, தப்பாகப் போன தையலைப் பிரிப்பது எல்லாம் அந்தக் கடையில் தையல்காரரின் மனைவி செய்கிற வேலை. அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துப் பார்த்துத்தான் கொடி தொழிலைத் திருடியது. சிறுவயதுக் காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. கணவர் அவளோடு பேசுவதெல்லாம் சாக்கட்டியால், கையிலிருக்கும் துணியின் மேல். அதனால் ஊரில் பல பெரிய மனிதர்களின் சட்டைக்குள் 'கோபமா?' என்றும் 'சரி, நீ சொன்னதே சரி' என்றும் எழுதியிருக்கும். ஆனால் ஒரே ஒரு சத்தம் அவளுக்குக் கேட்கும். கடையின் பின்புறம் குழாயடிச் செங்கல் இடுக்கில் புல்லோடு புல்லாக ஒரு சின்னக் களைப்பூண்டு உண்டு. ஊர் தோன்றிய காலத்திலிருந்தே இருப்பதாலோ என்னவோ, அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கடுகளவு மஞ்சள் பூ. விடியும்போது அது 'டக்' என்று விரியும். வேறு யாருக்கும் கேட்காத அந்த டக் அவளுக்குக் கேட்டது. அதைக் கேட்டுத்தான் தினமும் எழுந்தாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்த சத்தம் அவ்வளவுதான்.

தையல்காரருக்குக் கொடியின் மேல் தலைகால் புரியாத பெருமை. வாடிக்கையாளருக்கு எடுப்பதுபோல இஞ்சு டேப் பிடித்து அளவெடுத்து, சன்னலுக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டிவிட்டார். தன் கத்தரிக்கோலுக்குக் கீழே எது விழுந்தாலும் அது வெட்டுத்துணி மூட்டைக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் கடைச் சட்டம். கொடித்துண்டுகளும் போயின. தலையணைக்காரர் வழக்கம்போல மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய், பஞ்சோடு கலந்து ஊருக்கே அடைத்துக் கொடுத்தார். ஒரு கணு அகப்பட்டால் போதும், அந்தக் கொடிக்கு.

மழை வந்ததும் கொடி சன்னலைத் தாண்டிக் குழாயடிக்கு இறங்கி, செங்கல் தரை மேல் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. ஒரு நாள் வெயில் ஏறிய பிறகும் மனைவி படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இன்னிக்கு விடியலையா?" என்று கேட்டாள்.

தையல்காரர் பின்புறம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாக்கட்டியை எடுத்தார், எழுதத் தெரியாதவர்போல நின்றார். அப்புறம் ஆத்திரத்தோடு வெட்ட ஆரம்பித்தார். வெட்டிய இடத்திலெல்லாம் இரண்டிரண்டாகத் துளிர்த்தது. மண்ணெண்ணெய் டின்னோடு ஓடிவந்தவரை அவள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாங்க. எது வந்த செடி, எது இருந்த செடின்னு தீக்குத் தெரியாது."

அவள் கத்தரியைத் தொடவில்லை. தையல் பிரிக்கிற ஊசியோடு குழாயடியில் உட்கார்ந்து, கணுக்கணுவாக, ஒரு வேர் அறாமல் கொடியைத் தரையிலிருந்து பிரித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்ததைச் சுருட்டினார். கையகலச் செங்கல் வெளியே தெரிந்தபோது, அடியில் அந்தப் பூண்டு நூல்போல வெளுத்துக் கிடந்தது. உயிர் இருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. அதுவரை ஒரு விரல் உயரம் தாண்டாத பூண்டு, வெளிச்சத்தைத் தேடி எழுந்து, கொடியையே பிடித்துக்கொண்டு ஏறியது. பட்டனளவு பருத்த மொட்டு ஒவ்வொன்றையும் இலையின் காஜாவுக்குள் நுழைத்துப் பூட்டிக்கொண்டு, அடுத்த இலைக்குத் தாவியது. பூண்டின் மேல் வாழ்ந்த சின்னப் பழுப்பு வண்டுகள் கொடியைக் கடித்துப் பார்த்துச் செத்து விழுந்தன. அவற்றின் பிள்ளைகள் கடித்துவிட்டு மயங்கின. பேரப்பிள்ளைகள் நீண்ட மூக்கோடு பிறந்து வயிறு முட்டத் தின்றன. கொடி மெலிந்து, அடக்கமாக, நாலு பேரோடு வாழக் கற்றுக்கொண்டது. சில வருடங்களில் ஊரில் எந்தக் கூரையைப் பார்த்தாலும் பச்சை இலையும் அதில் மஞ்சள் பட்டனும்தான். விடுப்பில் வந்த மைத்துனர், "நான் கொண்டாந்தது இது இல்லையே அக்கா" என்றார். குழாயடியில் மட்டும் இருந்த பூண்டு இப்போது தலைமையாசிரியரின் கட்டில் காலில்கூடப் பூத்தது.

ஒரு விடியலில், எல்லாக் கூரைகளிலும் லட்சக்கணக்கான பூக்கள் ஒருசேர விரிந்தன. தையல்காரருக்கு எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் மனைவி புரண்டு படுத்தாள். போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

"ஏங்க, அந்தச் சன்னலைச் சாத்துங்க. ஒரே இரைச்சலா இருக்கு."

அவர் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார்.