பைப்புக்காரரின் ஃபியட்

விராட்டிபத்தைத் தாண்டியதும் ஃபியட் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. மணி ஒன்பது ஐம்பது. பதினோரு மணிக்குப் பல்கலைக்கழகத்தில் முத்துமீனாவுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திக்கொண்டே, ஏழு வருடம் லீவு நாளெல்லாம் ஆய்வகத்தில் கிடந்து முடித்த படிப்பு. கேள்வி கேட்பதற்கென்று வடக்கேயிருந்து ஒரு பேராசிரியர் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். இன்றைக்குத் தவறவிட்டால் அவர் மறுபடி எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது.

பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று காலையிலேயே சொன்னாள். சிவபாண்டி கேட்டால்தானே? பெண்டாட்டி டாக்டர் பட்டம் வாங்கப்போகிற நாளில் ஐம்பது வருடத்துக் காரில், சலவை வேட்டியோடு, பல்கலைக்கழக வாசலில் தான் இறங்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. பட்டம் அவளுக்கு, ஊர்வலம் அவருக்கு. காரின் முகத்தைத் தினமும் அரைமணி நேரம் துடைக்கிற மனுஷன், அதன் வயிற்றுக்குள் குனிந்து பார்ப்பது வருடத்துக்கு ஒரு தடவை இருந்தால் அதிகம்.

பானெட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. டேங்கிலிருந்து வருகிற பெட்ரோலை இன்ஜினுக்குக் கொண்டுசேர்க்கும் டியூப் வெடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. மாட்டியவர் வேறு யாருமில்லை, சிவபாண்டியேதான். வில்லாபுரத்தில் பைப்புக் கடை வைத்திருக்கிறார். பழைய ரப்பர் பைப்பு ஊறிப்போனதும், கொத்தனார்கள் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பார்களே, கண்ணாடி மாதிரி இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் டியூப்பில் ஒன்றரை அடி வெட்டி மாட்டிவிட்டார். உள்ளே பெட்ரோல் ஓடுவது தெரியுமாம். பார்க்க அழகாக இருக்குமாம்.

"அது பெட்ரோலுக்கு ஆகாதுங்க. ரெண்டு மாசத்துல வெறச்சு வெடிச்சிரும்" என்று அன்றைக்கே சொன்னாள்.

"பைப்பு விக்கிறவனுக்கே பைப்பப் பத்திப் பாடமா?" என்று கடையே அதிரச் சிரித்தார். அவள் சொன்ன கெடுவில் ஒன்பது நாள்தான் பிசகு.

மெக்கானிக் பேச்சிமுத்து பைக்கில் வந்து சேர இருபது நிமிடம் ஆனது. கை வைத்ததும் டியூப் அப்பளமாக நொறுங்கியது.

"என்னாண்ணே இது? மட்டம் பாக்குற டியூப்பையா மாட்டுனீங்க?"

"ரெண்டு மாசம் ஓடுச்சுல்லடா?"

பேச்சிமுத்து பையிலிருந்து கறுப்பு ரப்பர் பைப்பை எடுத்தான். முத்துமீனா அதை வாங்கி, மேலே அச்சடித்திருந்ததைப் படித்தாள். "இதுவும் ரொம்ப நாளைக்கு நிக்காது தம்பி. ஆனா இன்னைக்குத் தாங்கும். சட்டுனு மாட்டுங்க."

"ரப்பரா? அசிங்கமா இருக்கும்" என்றார் சிவபாண்டி. "டிக்கியில புது டியூப்பு மூணு மீட்டர் கெடக்கு, அத எடு. அவ புஸ்தகத்துல படிச்சதச் சொல்றா, நான் கடையில பாத்ததச் சொல்றேன்."

மணி பத்து இருபத்தைந்து. வெடித்த டியூப்பை எடுத்துவிட்டு அதே டியூப்பை மாட்டச் சொல்கிற ஆளிடம் பேசி என்ன ஆகப்போகிறது? அவளுக்கு அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. பல்கலைக்கழகப் பக்கமாக நாகமலை போகிற டவுன் பஸ்ஸைப் பார்த்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

"ஏ மீனா, அஞ்சே நிமிசம்! இந்தா முடிஞ்சிருச்சு!"

"நீங்க ஊர்வலத்த முடிச்சுட்டு மெதுவா வாங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டுச்சேலையோடு கூட்டத்துக்குள் ஏறினாள்.

ஐந்து நிமிடம் மிச்சமிருக்கும்போது அரங்கத்துக்குள் நுழைந்தாள். எத்தனால் கலந்த பெட்ரோல் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் என்ன பாடுபடுத்துகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆராய்ச்சி நடந்த ஏழு வருடமும் ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய சிவபாண்டிக்கு அது தெரியாது. யாராவது கேட்டால், "கெமிஸ்ட்ரில என்னமோ பண்றா" என்பார். வடக்கத்திப் பேராசிரியர் முக்கால் மணி நேரம் குடைந்தார். ஒன்றுக்குக்கூட அவள் தடுமாறவில்லை.

கடைசியில், அவையில் இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். இது வழக்கமான சடங்கு. யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. வேட்டி முழுக்கக் கிரீஸும் புழுதியுமாகச் சிவபாண்டி நின்றார்.

"வணக்கம். நான் பைப்பு வியாபாரி. ரெண்டாவது டியூப்பும் வழியில அச்சம்பத்துலயே புடுங்கிக்கிச்சு. ஆட்டோவுல வந்தேன். எந்தப் பைப்பு போட்டா நிக்கும்னு அவுங்க சொல்லணும்."

அரங்கம் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் விஷயத்தை ஆங்கிலத்தில் விளக்கிச் சொன்னதும் வடக்கத்திப் பேராசிரியரும் சிரித்தார். முத்துமீனா சிரிக்கவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் இந்த மனிதர் தன்னிடம் கேட்கிற முதல் சந்தேகம் இது என்று நினைத்தபோது கோபம் இன்னும் கூடியது. முன்பின் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் பதில் சொன்னாள்.

"உள்ளே ஃப்ளோரோ ரப்பர் பூசிய குழாய் போடணும். உங்க கடையில இருக்குற எதுவும் ஆகாது. ஆய்வேட்டுல அஞ்சாவது இயல்ல விவரமா எழுதியிருக்கேன். உங்க வீட்டு டிவி பக்கத்துல நாலு மாசமா ஒரு காப்பி கெடக்கு."

சிவபாண்டியிடம் காகிதம் இல்லை. பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை பேராசிரியர் முதற்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அஞ்சாவது இயல்தானே?" என்று நிமிர்ந்து கேட்டார்.

"வேணாம்" என்றாள் முத்துமீனா. "மொதல்ல இருந்தே படிங்க."