செந்தும்பியின் அம்மா

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், தம்போயில் புஷ்பவள்ளி வேலை செய்யும் டோபிக் கடைக்கு அழுக்குத் துணி கொண்டுவருகிறவர்களில் அவ்வப்போது ஒருவர் அவள் முகத்தை உற்றுப் பார்ப்பார். பிறகு தயங்கித் தயங்கி, "நீங்கதானே லோரியில அடிபட்டுச் செத்தவங்க?" என்று கேட்பார். ஆமாம் என்று சிரித்துக்கொண்டே அவள் வெள்ளைச் சட்டைகளைத் தனியாகப் பிரித்துப் போடுவாள்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தீபாவளியன்று தொலைக்காட்சியில் வந்த 'செந்தும்பி' படத்தில் அவள் நாயகனின் அம்மா. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பள்ளிக்கூட வாசலில் மகனை ஒதுக்கித் தள்ளிவிட்டு அவள் லோரிக்கு அடியில் போவாள். அந்தத் துக்கத்தில் பையனுக்கு முதுகில் சிறகு முளைக்கும். அப்புறம் படம் முழுக்க அவன் பறந்து பறந்து கெட்டவர்களை அடிப்பான். அவள் சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்குவாள்.

அதே செந்தும்பியை இப்போது மறுபடியும் எடுக்கிறார்கள். போன படத்தின் தொடர்ச்சி அல்ல. அவன் எப்படிச் செந்தும்பி ஆனான் என்பதை முதலிலிருந்து, வேறு விதமாகச் சொல்லப்போகிறார்கள். இயக்குகிற லோஷினி ஸ்கூடாய்க் கல்லூரியில் படிப்பை முடித்து இரண்டு மூன்று குறும்படங்கள் எடுத்தவள். முதல் படம் வந்தபோது சின்னப் பிள்ளை. அவளே டோபிக் கடைக்கு வந்து கேட்டாள்.

"ஆன்டி, இந்தத் தடவ நீங்க சாகல. சம்மதமா?"

புஷ்பவள்ளி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சாகாம என்ன செய்வேன்?"

"அதான் ஆன்டி எனக்கும் தெரியணும்."

அந்தப் பதில் புஷ்பவள்ளிக்குப் பிடித்துப்போயிற்று. முதல் படத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. அவள் எங்கே வேலை பார்த்தாள், புருஷன் எங்கே, மகனைத் திட்டுவாளா மாட்டாளா, எதுவும் யாருக்கும் தெரியாது. சாலையில் சிவப்புச் சாயத்தில் படுத்துக் கிடந்தபோதே புஷ்பவள்ளி அதைப் பற்றி யோசித்தாள். பையனுக்குச் சிறகு வரப்போவதைத் தெரிந்துகொள்ளாமலே ஒருத்தி போய்விடுகிறாளே என்று அவளுக்கு ஒரு குறுகுறுப்பு. படம் முடிந்து, பாராட்டு முடிந்து, எல்லாம் பழசான பிறகும் அந்தக் குறுகுறுப்பு மட்டும் போகவில்லை.

படப்பிடிப்பு உலு திராமில் ஒரு பழைய வரிசை வீட்டில். சமையலறைக்குப் பின்னால் துணிக்கொடிகள் கட்டிய சந்து. அங்கே ஒரு கிரேனை நிறுத்தி, இடுப்புப் பட்டையும் கம்பியும் மாட்டி, நாயகன் ரூபேந்திரனைத் தூக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். சிறகைப் பிறகு கணினியில் போட்டுக்கொள்வார்களாம். காட்சி சின்னதுதான். அம்மா துணி எடுக்கப் பின்கதவைத் திறக்கிறாள். மகன் மாறன் கொடிக்கு மேலே பறந்துகொண்டிருப்பதை முதல் முறையாகப் பார்க்கிறாள். அழுதுகொண்டே ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள்.

முதல் தடவை புஷ்பவள்ளி அலறினாள்.

"பாம்பப் பாத்த மாதிரி இருக்கு," என்றார் சுகுமாறன். அவர்தான் பணம் போட்டுப் படம் எடுக்கிறவர். கல்யாணங்களுக்கு மேடை அலங்காரமும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிற ஆள். முதல் செந்தும்பியையும் அவர்தான் எடுத்தார்.

அடுத்த தடவை சத்தமில்லாமல் கண்ணீர் விட்டாள். "சாவு வீடு," என்றார். மூன்றாவது தடவை சந்தோஷப்பட்டுக் கையைத் தட்டினாள்.

"அலமாக்! அக்கா, லாட்டரி நம்பர் அடிச்ச மாதிரி குதிக்கிறீங்களே!"

கிரேன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மேலே ரூபேந்திரன் கம்பியில் மெல்லச் சுழன்றுகொண்டே, "இடுப்பு போச்சு லா, இறக்குங்க," என்று கெஞ்சினான்.

சுகுமாறன் லோஷினியைத் தனியாகக் கூப்பிட்டார். ஆனால் தனியாகப் பேசத் தெரியாத குரல் அவருக்கு. "தோ பாரும்மா. அம்மா செத்தாத்தான் அவன் ஹீரோ. உயிரோட இருந்தா அவன் ஏன் பறக்கணும்? வீட்டுல உக்காந்து சாப்டுட்டுப் போயிருவான். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் தரேன். சீன் வரலன்னா பழைய மாதிரியே அடிச்சுருவோம். லோரிக்குச் சொல்லிட்டேன்."

சொன்னது மட்டுமில்லை. தெருமுனையில் மண் ஏற்றுகிற லோரி ஒன்று வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பொட்டலச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளி அந்த முன்சக்கரத்தைப் பார்த்தாள். அவள் தோள் உயரத்துக்கு இருந்தது. சாவதொன்றும் கஷ்டமில்லை, ஏற்கெனவே பழக்கம்தான். ஆனால் இந்தப் படத்து அம்மாவாவது தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். தன் பிள்ளை ஆகாயத்தில் நிற்பதைப் பார்க்கிற ஒருத்திக்கு உள்ளே என்ன நடக்கும்? தனக்குள் தேடித் தேடிப் பார்த்தாலும் சினிமாவில் பார்த்த முகங்கள்தான் வந்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். புருஷன் தவறிய பிறகு வீட்டில் அவளும் மகன் ஜீவனும்தான். ஜீவன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். விடிவதற்கு முன்னால் தலைக்கவசமும் மழைக்கோட்டும் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். போகும்போதும் வரும்போதும் அவன் முகம் கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கும். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவன் யாரோடு சாப்பிடுகிறான், யார் அவனைச் சிரிக்கவைக்கிறார்கள், அவளுக்குத் தெரியாது.

வாசலில் மோட்டார் நின்ற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரையை விலக்கிப் பார்த்தாள். ஜீவன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கைப்பேசி பார்க்கவில்லை. இரண்டு கையும் தொடைமேல் கிடந்தன. தூங்குகிறானா? அழுகிறானா? இல்லை, காதுக்குள் பாட்டு ஏதாவது ஓடுகிறதா? கருப்புக் கண்ணாடியில் தெருவிளக்கு மட்டும் தெரிந்தது. கதவைத் திறந்து என்னடா என்று கேட்டுவிடலாம். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அவள் பின்னால் நகர்ந்தாள். சமையலறைக்குப் போய் அகப்பையைச் சட்டிக்குள் ணங்கென்று போட்டாள். "இந்தக் குழாய் வேற மூட மாட்டேங்குது!" என்று யாரிடமோ உரக்கச் சொன்னாள். குழாய் நன்றாகத்தான் மூடியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஜீவன் உள்ளே வந்தான். "என்னம்மா சமையல்?"

சாப்பிடும்போது கேட்டாள். "டேய், உனக்குப் பறக்க வந்துச்சுன்னா எங்கிட்ட சொல்வியா?"

"பறக்க வந்தா நல்லதுதான். ஜாம்ல நிக்க வேணாம். காஸ்வே பாலத்தத் தாண்டி நேரா ஃபேக்டரி மொட்ட மாடிதான்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவன் மீனிலிருந்து முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "சொல்ல மாட்டேன்."

"ஏன்டா?"

"சொன்னா நீங்க என்ன கேப்பீங்க? எவ்வளவு ஒசரம், சாப்டுட்டுப் பறந்தியா, மழக்கோட்டு எடுத்தியா. அப்புறம் அது என் பறக்குறதா இருக்காதும்மா, நம்ம ரெண்டு பேரோட பறக்குறதாயிரும்."

"நான் அப்படியா கேப்பேன்?"

"நீங்க அப்படித்தான் கேப்பீங்க," என்று சிரித்தான். "படத்துல என்ன, சாகடிச்சுட்டாங்களா இல்லியா?"

"நாளைக்குத் தெரியும்."

அவன் படுக்கப் போன பிறகு சட்டியைத் தேய்க்கும்போதுதான் அகப்பை அவள் கைக்கு வந்தது. ஏன் அதை அப்படிப் போட்டோம்? யோசித்துப் பார்த்தால் இன்றைக்கு மட்டும் இல்லை. போன வாரம் ஒரு நாள் மூடியைத் தட்டினாள். அதற்கு முன்னால் அவன் அறைக்குள் யாரோடோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது செருப்பைத் தரையில் தேய்த்து நடந்தாள். எப்போது தொடங்கிய பழக்கம் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தாள். ஜீவன் தன் அப்பாவை நினைத்துக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத காலம்வரை போயிற்று. அன்றைக்கும் அவள் கதவுக்கு வெளியே இருமினாள். இத்தனை வருஷமாகத் தானே செய்துவரும் ஒரு காரியம் தனக்கே தெரியாமல் இருந்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. வேறு யாரோ ஒருத்தி தன் கையையும் காலையும் இரவல் வாங்கிச் செய்துகொண்டிருந்த மாதிரி.

மறுநாள் லோஷினியிடம் போனாள். "நான் ஒண்ணு செஞ்சு பாக்கவா? என்னன்னு கேக்காதீங்க. அந்தத் தம்பிகிட்டயும் சொல்லாதீங்க."

லோஷினி நகத்தைக் கடித்தபடி தெருமுனை லோரியைப் பார்த்தாள். "கேமரா ஓடிக்கிட்டே இருக்கும் ஆன்டி. நான் நிறுத்த மாட்டேன்."

புஷ்பவள்ளி கூடையோடு பின்கதவைத் திறந்தாள். கொடிக்கு மேலே ரூபேந்திரன் கைகளை விரித்து நின்றிருந்தான். வேட்டியும் துண்டும் அவனுக்குக் கீழே ஆடின. ஓட வேண்டிய இடத்தில் அவள் ஓடவில்லை. ஒரு காலைப் பின்னால் வைத்துக் கதவு நிலைக்கு இந்தப் பக்கம் மறைந்துகொண்டாள். மறைந்துகொண்டு பார்த்தாள். கம்பி தெரிந்தது, கிரேன் தெரிந்தது. ஆனாலும் அவன் தன்பாட்டுக்கு, யாரும் பார்க்காத ஒருவனின் முகத்தோடு மெல்லத் திரும்புவதைப் பார்த்தபோது அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. இவன் இப்படியும் இருப்பானா என்று பார்த்தாள். அவள் வயிற்றிலிருந்து வந்த பிள்ளைதான், ஆனால் அவள் இல்லாத இடத்தில் இருக்கிற பிள்ளை.

பிறகு சத்தமில்லாமல் உள்ளே போனாள். கூடையைக் கீழே வைத்தாள். அடுப்படியிலிருந்த மூடியை எடுத்துச் சட்டியின்மேல் ஓங்கி அடித்தாள்.

"மாறா! எங்கடா இருக்க? துணி எடுக்க வரேன்!"

வெளியே ஒரே பதற்றம். ரூபேந்திரனுக்கு அது கதையில் வராத சத்தம். அவன் காற்றில் கையைக் காலை உதற, கிரேன்காரர் அவசரமாக இறக்க, ஒரு துண்டு அவன் தோளோடு வந்துவிட்டது. தரையில் கால் பட்டதும் அதை இழுத்துக் கொடியில் போட்டான். சட்டையைத் தடவி நேராக்கினான். முதுகுக் கம்பி இடிக்காமல் கதவோரமாக நின்று எட்டிப் பார்த்தான்.

"இங்கதாம்மா இருக்கேன்."

"மழ வர்ற மாதிரி இருக்கு," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமாம்மா. மேகம் கருக்குது."

அவள் கூடையை அவன் கையில் கொடுத்தாள். லோஷினி இன்னும் நிறுத்தவில்லை. இரண்டு பேரும் துணி எடுத்தார்கள். போதும் என்று சொல்ல யாருக்கும் தோன்றாததால் கொடி காலியாகும்வரை எடுத்தார்கள்.

முதலில் பேசியது சுகுமாறன்தான். "அவங்க பாத்தாங்களா, பாக்கலியா?"

"பாத்தாங்க," என்றாள் லோஷினி.

"அப்ப ஏன் கேக்கல?"

அவர் திரும்பவும் அந்தக் காட்சியைச் சின்னத் திரையில் ஓட்டச் சொன்னார். மூடிச் சத்தம் வரும் இடத்தில் மீசையைத் தடவினார். மூன்றாவது முறையும் ஓட்டச் சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அண்ணே, இன்னைக்கு வேணாம், எடுத்துட்டுப் போங்க. நாளைக்கா? நாளைக்கும் வேணாம்ணே."

லோரி உறுமிக்கொண்டு கிளம்பியது. லோஷினி புஷ்பவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரூபேந்திரன் இடுப்புப் பட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தான். "ஆன்டி, நல்லா பயமுறுத்துனீங்க. அந்தச் சத்தம் எனக்காகத்தானே போட்டீங்க?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"மேல இருக்கும்போதே தெரிஞ்சிருச்சு லா. எறங்குறதுக்கு டைம் குடுக்குறாங்க அம்மான்னு. அதான் நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து நின்னேன்."

அவன் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். புஷ்பவள்ளி கொடிக்கடியில் நின்றபடியே இருந்தாள். கதவுக்குப் பின்னால் நிற்பது தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். மூடியும் செருப்பும் இருமலும் தன் பக்கத்து ரகசியம் என்று. அப்படியானால் ஜீவன்? நேற்று அகப்பைச் சத்தம் கேட்டு எழுந்து வந்தவன், என்னம்மா சமையல் என்று கேட்டானே, அது எதற்கு? ஒருவேளை அவன் அந்தச் சத்தம் வரட்டும் என்றுதான் தினமும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறானோ? சத்தம் வராத நாட்களில் என்ன செய்தான்? கேட்டுவிடலாம்தான். எப்படிக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை. கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை சத்தமும்.

லோஷினி பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஆன்டி, உக்காருங்க. நீங்க உயிரோட இருக்கீங்க, அதனால எனக்கு இப்ப நிறைய வேல. அடுத்தது சாப்பாட்டு மேசை. அங்க என்ன நடக்கும்னு நான் எழுதவே இல்ல. சாவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்துட்டேன்."

"அவனுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியும்னு?"

"நீங்கதான் சொல்லணும்."

புஷ்பவள்ளி யோசித்தாள். "தெரியும்னே வச்சுக்குங்க. ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடணும்."

"அப்ப யாரு முதல்ல பேசுவாங்க?"

"அதான் தெரியல," என்றாள் புஷ்பவள்ளி. நாற்காலியை மேசைக்குப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டாள். "அந்தத் தம்பியக் கூப்பிடுங்க. சோத்தப் போடச் சொல்லுங்க. பாப்போம்."