படி தைக்காத மலை

மீனம்பாளின் சினை ஆடு, பக்கத்து வீட்டு இளவழகனின் சுவரில் தொங்கிய துணிமலையில் ஏறி, இறங்க வழி தெரியாமல் உச்சியில் நின்றது. அன்று செஞ்சியில் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தான். துணி நாலடி உயரம். அவன் மனைவி ஜெயசுதா, மாடியிலிருந்து தெரியும் ராஜகிரிக் கோட்டை மலையைப் பார்த்து, மிஞ்சிய ஜாக்கெட் துணிகளைப் பாறை பாறையாக வெட்டித் தைத்தது. நிழல் விழுந்த பாறைக்குச் சாம்பல், வெயில் பட்டதற்கு மஞ்சள், இடுக்குப் புதர்களுக்குப் பச்சை நூல். படிகளைக் கடைசியில் போடலாம் என்றிருந்தாள். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் இறந்துபோனாள். விட்ட இடத்தில் ஊசி பச்சை நூலோடு குத்தி நின்றது. இரண்டு வருஷமாக இளவழகன் அதைத் தொடவில்லை. ஒட்டடை அடித்தாலும் அந்தச் சுவரை விட்டுவிடுவான்.

ஆடு கட்டைவிரல் அளவு தெரிந்தது. கத்தினால் வெகு தூரத்திலிருந்து கேட்டது. அகத்திக்கீரையைக் காட்டிக் கூப்பிட்டும் வரவில்லை. வெள்ளையடிக்கிற ரங்கநாதன் ஏணி கொண்டுவந்து சாத்தினார். அது சுவரைத் தொட்டது, மலைக்கு எட்டவில்லை.

"தையலப் பிரிச்சிடு தம்பி. ஆடு பொத்துனு வந்துடும்."

"வரும், கறியா வரும்" என்றாள் மீனம்பாள். "எவ்ளோ ஒயரம் தெரியுமா?"

"நாலடி."

"உனக்கு நாலடி. அதுக்கு?" பிறகு இளவழகனிடம் திரும்பினாள். "இன்னிக்கோ நாளைக்கோ ஈனப்போவுதுப்பா. குட்டி உருண்டு வுழுந்தா பாத்துக்குனு நிப்பியா?"

இளவழகன் கணிதம் படித்தவன். சட்டைப் பட்டன்கூடத் தைத்ததில்லை. கடையில் புது ஊசியும் நூலும் வாங்கி வந்து ஒரு படி தைத்தான். ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சாயங்காலம் ஜெயசுதாவின் ஊசியை உருவினான். உச்சியிலிருந்து ஒவ்வொரு படியாகப் போட, ஆடு அவன் விரலுக்குப் பின்னாலேயே இறங்கியது. கடைசிப் படிக்கு நூல் போதவில்லை. ஆடு குதித்து, முழு ஆடாகத் தரையில் நின்று, கட்டில் காலருகே இரண்டு குட்டி போட்டது.

"இதெல்லாம் ஒரு படியா? ஜெயசுதா பாத்தா சிரிப்பா" என்றாள் மீனம்பாள். சிரிப்பாள் என்றான்.

இப்போது மூன்று ஆடுகளும் காலையில் மேய மேலே போய், இருட்டுவதற்குள் இறங்கிவிடுகின்றன. கதவைச் சாத்தாமலே அவன் வேலைக்குப் போகிறான். ஜெயசுதா தைத்த புதர்கள் தை மாதத்தோடு தீர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஊசியில் பச்சை நூல் கோத்து உட்காருகிறான். சனிக்கிழமைக்குள் மேய்ந்துவிடுகின்றன.