சீஸ் ஆலைப் பள்ளிவாசலின் முன்கதவு

சுவிஸில் ஓல்டன் நகருக்குத் தெற்கே உள்ள அந்தச் சிற்றூரில் பள்ளிவாசலை நிறுவியவர்கள் அல்பேனியர்கள். வீதி போட வந்தவர்கள். கொசோவோவில் போர் மூண்டதும் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டார்கள். தொழ இடம் தேடியபோது, மூடிக் கிடந்த சீஸ் ஆலை ஒன்றே வாடகைக்குக் கிடைத்தது. சுவரில் ஊறிய புளித்த பால் நாற்றத்தைச் சுரண்டிக் கழுவிப் போக்கியவர்கள் பெண்கள். கழுவிய பெண்களுக்குக் கிடைத்ததோ பின்படிக்கட்டு! அது மார்க்கத்தின் கட்டளையன்று. பழக்கம் இட்ட பூட்டு. நம் கோயில் வாசல்களிலும் அந்தப் பூட்டுத் தொங்கியதை அறியாதவர்களா நாம்?

இவ்வாண்டு கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. அன்று சுவர் கழுவியவர்களுள் ஒருத்தியான ஷ்ப்ரேசா, திறப்பு நாளிலாவது பெண்கள் முன்கதவால் நுழைய வேண்டும் என்று கேட்டாள். நிர்வாகத் தலைவர் ரெஜெப், அவளுடைய கணவர், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். அந்த வீட்டில் அது பழைய விடை.

முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை செய்யும் கலாவதியும் கணவர் லக்ஷ்மணனும் திறப்புக்கு வந்திருந்தார்கள். ஊராட்சித் தலைவியான சுவிஸ் அம்மையார் உட்பட விருந்தினர் அனைவரையும் ரெஜெப் முன்கதவில் நின்று வரவேற்றார். ஷ்ப்ரேசா பின்பக்கம் நடந்தாள். கலாவதியும் திரும்பினாள்.

“விருந்துக்கு வந்த இடத்திலை உமக்கேன் இந்த வேலை?” என்றார் லக்ஷ்மணன்.

“நீங்கள் போய்ப் பலகாரத்தைச் சாப்பிடுங்கோ. கழுவினவள் பின்னாலை போறாள்; ஒண்டும் கழுவாத நான் முன்னாலை போறதோ?”

என்ன நடக்கிறது என்று தலைவி கேட்டார். கலாவதி டொச்சில், அந்த ஊர் ஜெர்மன் மொழியில், விளக்கினாள். தலைவியும் அவர்கள் பின்னே நடந்தார். அவரைக் கண்டு ஊர்த் தேவாலயத்தின் போதகரான அம்மையாரும் அயல்வீட்டுப் பெண்களும் தொடர்ந்தார்கள். பின்படிக்கட்டில் நீண்ட வரிசை. முன்கதவில் இனிப்புத் தட்டேந்திய ஆண்கள் மட்டும்!

ரெஜெப் சுற்றி ஓடிவந்தார். கோப்பி ஆறுகிறது, எல்லோரும் முன்னால் வாருங்கள் என்று டொச்சில் கெஞ்சினார்.

“இண்டைக்கு மட்டுமோ?” என்றாள் ஷ்ப்ரேசா.

அவர் வரிசையைப் பார்த்தார். “இனி எப்பவும்.”

“அதை உள்ளுக்கு இருக்கிறவையளுக்கு எங்கடை அல்பேனிய மொழியிலை சொல்லுங்கோ.”

சொன்னார். முணுமுணுப்பு எழுந்தது. “சுவரைக் கழுவினதே அவையள்தானே” என்று ஒரு முதியவர் வாய்விட்டுச் சிரித்தார், முணுமுணுப்பு அடங்கியது.

பெண்கள் முன்கதவுக்கு வந்தபோது சப்பாத்துகளைக் கழற்றி வைக்கும் தட்டில் இடமில்லை, முழுவதும் ஆண்களுடையவை. ரெஜெப் குனிந்து, தம்முடையவற்றை எடுத்து வெளியே சரளைக் கல்லில் வைத்தார். லக்ஷ்மணனும் அருகில் வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராய் எடுக்கத் தொடங்கினார்கள்.

வெறுமையான மேல்தட்டில் ஷ்ப்ரேசா தன் சப்பாத்துகளை வைத்தாள். அவற்றைச் சற்று ஒதுக்கி, கலாவதிக்கும் இடம் விட்டாள்.