றமீஸாவின் மறதி

பலாபத்வலையில் மிளகு வியாபாரம் செய்யும் ஜைனுதீனின் மனைவி றமீஸாவுக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வந்தது. கத்தாரிலிருந்து மகள் அனுப்பிய மீன் எண்ணெய்க் குளிசைகளை ஜைனுதீன் அவளுக்குத் தவறாமல் கொடுத்துவந்தார்.

"போன ஞாபகம் இதால திரும்பி வராதுங்க," என்றார் டாக்டர். "மீன், கீரை குடுங்க. நடக்க வைங்க. மறதி மெதுவாக் கூடினா அதுவே பெரிசு."

அன்று பகல், அயல்வீட்டார் அனுப்பிய கருவாட்டுப் பொரியலை ஜைனுதீன் தன் சோற்றில் போடப்போனார். றமீஸா கிண்ணத்தை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம். எங்க மாப்பிள்ளைக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. உப்பு ஆகாது."

"உன் மாப்பிள்ளை யாரு, சொல்லு?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். கிண்ணத்தை விடவில்லை.

அவள் சொன்ன மாப்பிள்ளை, அட்டாக் வந்து பிழைத்த கணவர், அவர்தான்.

"சரி, எனக்கும் வேணாம். கீரையை வை," என்று தட்டை நீட்டினார்.