சுவர் எங்கே என்று சொல்ல ஒரு ஆள்

போர்ட் லாவெல் நகரத்து பேஸ்பால் மைதானத்தின் இடது களத்தில் காஸிக் ஜீலாக் என்பவன் நாற்பது வருடங்களுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தான். கண்ணுக்குத் தெரியமாட்டான். கோடையில் ஆட்டம் நடக்கும்போது கூட்டத்தின் சத்தத்தில் அவன் இருப்பதே தெரியாது. அக்டோபரில் ஆட்டங்கள் முடிந்து, நாற்காலிகளுக்குத் தார்ப்பாய் போட்டு, ஏரி ஓரங்களில் உறையத் தொடங்கிய பிறகுதான் காலடிச் சத்தம் கேட்கும். பனி விழுந்த மறுநாள் காலையில் தடமும் தெரியும். ஆணி வைத்த காலணியின் ஒற்றை வரிசைத் தடம் புல்வெளியின் நடுவில் தொடங்கி, எல்லைச் செங்கல் சுவர்வரை போகும். கடைசித் தடத்தில் குதிகால் மட்டும் இருக்கும்; விரல்கள் பதிய வேண்டிய இடத்தில் சுவர் நிற்கும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சலவைக்கடை. அங்கே துணி மடிக்கிற பெண்கள் முதல் வருடக் குளிர்காலத்தில், சுவருக்குள் யாரோ ஓடுகிறார்கள் என்று போலீஸில் சொன்னார்கள். போலீஸ்காரர் வந்து செங்கல்லில் காது வைத்துக் கேட்டார். ஆமாம், ஓடுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் ஓடத் தொடங்கிய நாள் ஊருக்கே தெரியும். ஊர் அணியான ஹெரன்ஸ் ஒரு ரன் முன்னிலையில் இருந்தது. எதிரணிக்கு இன்னும் ஒரே ஒரு அவுட்தான் பாக்கி. அவர்களுடைய ஆள் அடித்த பந்து வானத்துக்குப் போனது. இடது களத்தில் நின்ற காஸிக் பந்தையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினான். அந்த நேரம் பார்த்து ஏரியிலிருந்து மூடுபனி இறங்கியது. பந்தும் வரவில்லை, காஸிக்கும் வரவில்லை. அடித்தவன் எல்லா முனைகளையும் சுற்றி வந்து, ரன் கொடுங்கள் என்று நின்றான். தரையில் விழாத பந்துக்கு நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது என்றார் அம்பயர். இருட்டும்வரை எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், பிறகு வீட்டுக்குப் போனார்கள். அந்த ஆட்டம் முடியாத ஆட்டம் என்றே பதிவில் நின்றுவிட்டது.

காஸிக்கின் தங்கை ப்ரோனியாவுக்கு அப்போது வயது பத்தொன்பது. மைதானத்துக்கு எதிரே அவர்களுடைய அப்பா நடத்திய மதுக்கடை பிறகு அவள் கைக்கு வந்தது. கடையின் நடுவில் ஓர் இரும்புக் கணப்பு உண்டு. நவம்பர் முதல் மார்ச்வரை ஹெரன்ஸ் ரசிகர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, அடுத்த வருடத்துக்கு யாரை எடுப்பது, யாரை விடுவது என்று சண்டை போடுவார்கள். மற்ற ஊர்களில் இது வெறும் பேச்சு. போர்ட் லாவெலில் அப்படி இல்லை. அணியின் சொந்தக்காரர் கிழவர் ஸ்ட்ராட், காதில் கருவி மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் வந்து உட்காருவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கணப்பைச் சுற்றி இருப்பவர்கள் ஒரு ஆளை ஒப்புக்கொண்டால், யாராவது எழுந்துபோய் கல்லாவுக்கு மேலே தொங்குகிற மணியை அடிப்பார்கள். மணி அடித்தால் மறுநாள் அவர் ஒப்பந்தம் போடுவார். மணி அடிக்காத ஆளை அவர் எடுத்ததே இல்லை.

ப்ரோனியா பீர் ஊற்றுவாள், ஊறவைத்த முட்டையைத் தட்டில் வைப்பாள், முட்டைக்கோஸ் சூப்பைக் கிண்டுவாள். அவளுடைய குரல் மிகவும் சின்னது. அவள் விலை சொன்னால்கூட குனிந்துதான் கேட்க வேண்டும். ஆனால் இடது களத்துக்கு நல்ல ஆள் ஒருவனைப் பற்றிப் பேச்சு வந்து, மணி அடிக்கப் போகிற நேரத்தில், கோப்பையை வைக்கிற சாக்கில் யாராவது ஒருவர் காதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவாள். தோள் பழுது. முழங்கால் வீக்கம். குடிப்பானாம். அவ்வளவு போதும், சண்டை மறுபடி தொடங்கிவிடும். கடைசியில் ஒரு வருடத்துக்கு மட்டும் யாரோ ஒரு சோப்ளாங்கி வருவான். அண்ணனுடைய இடத்தில் இன்னொருவன் நிலையாக நின்றுவிட்டால், திரும்பி வரும்போது அவன் எங்கே போய் நிற்பான் என்பது அவளுடைய கவலை. இதனால் ஹெரன்ஸ் அநேகமாக எல்லா வருடமும் கடைசி இடத்தில் வந்தது. ஊர்க்காரர்கள் அதை ஏரிக்காற்றின் மேல் போட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் பிரச்சினை நடுக்களம். எந்த அணியிலும் சேராமல் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ட்வெய்ன் கோர்லிஸ். பனைமரம் மாதிரி ஆள். அடித்தால் பந்து ஏரியில்தான் விழும். மைதானத்தில் இறங்கினால் வாயைத் திறக்கவே மாட்டான். இன்னொருவன் டொமினிக்கன் தீவுக்காரன் எலாடியோ செவரீனோ. வயது முப்பத்தெட்டு. மட்டை பிடித்தால் பந்துக்கே பரிதாபமாக இருக்கும். ஆனால் அவன் குரல் பெரிய குரல். போன அணியில் இருந்தபோது அவன் "சுவர்!" என்று கத்தியதைக் கேட்டு, ஏரியில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள் படகைத் திருப்பியிருக்கிறார்கள்.

"இதுல பேச என்னய்யா இருக்கு?" என்றார் லியோ டோம்பெக். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணப்புக்கு மிகப் பக்கத்து நாற்காலி அவருடையது. "ஒருத்தன் அடிக்கிறான், ஒருத்தன் கத்துறான். கத்துறதுக்கு எங்க வீட்ல ஆள் இருக்கு."

"உங்க வீட்ல கத்துறதுக்கு நீ வாங்குற அடி பத்தாது லியோ," என்றாள் தெல்மா கெய்ன்ஸ். அடுத்த தெருவில் முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். கடையை மூடியதும் நேராக இங்கே வந்துவிடுவாள். "ஆனா நீ சொல்றது சரிதான். கோர்லிஸ்தான். அந்தக் கிழவன் செவரீனோ மட்டையத் தூக்குறதப் பாத்தா எனக்கு விளக்குமாறு ஞாபகம் வருது."

நடுக்களத்தைப் பற்றி ப்ரோனியாவுக்குக் கவலை கிடையாது. அணைந்த சாம்பலை வாளியில் அள்ளிக்கொண்டு, வழக்கம்போல மைதானத்துப் பின்வாசல் வழியாகக் கொட்டப் போனாள். மாலை வெளிச்சம் தகரம் போல வெளுத்திருந்தது. புதுப் பனி. தடம் நேற்றைவிட ஆழமாகப் பதிந்திருந்ததைப் பார்த்தாள். களைத்துப்போனவன்தான் அப்படிக் காலை ஊன்றி ஓடுவான். சுவர்வரை தடத்தின் ஓரமாகவே நடந்தாள். ரொட்டிக் கம்பெனி விளம்பரம் எழுதிய செங்கல்லில் ஓர் இடத்தில் மட்டும் பனி ஒட்டவில்லை. அந்த இடம் மாட்டின் வயிறு போல வெதுவெதுப்பாக இருந்தது. செங்கல் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நின்று, வந்து, நின்று. அவள் காதை வைத்தாள். சலவைக்கடைக்காரிகள் இத்தனை வருடம் கேட்ட அதே ஓட்டம். ஆனால் அவர்கள் யாரும் கேட்காத ஒன்று அவளுக்குக் கேட்டது. மூச்சுக்கு நடுவே அவன் கேட்டுக்கொண்டே ஓடினான்.

"இடமிருக்கா? இடமிருக்கா?"

ப்ரோனியாவின் கையிலிருந்து வாளி விழுந்தது. போர்ட் லாவெலில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். பந்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடுகிறவனுக்குச் சுவர் தெரியாது. பக்கத்துக் களத்தில் நிற்பவன்தான் அவனுக்குக் கண். இடமிருக்கு, இடமிருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்து, சமயம் வரும்போது சுவர் என்று கத்த வேண்டும். அன்று நடுக்களத்தில் நின்றவன் வெண்டல் ஹாஃப். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இதே கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, அடிக்கிறான், அது போதும் என்று இந்தக் கடை மணி அடித்து எடுத்த ஆள். வாய் திறக்காதவன். அதற்குப் பிறகு வந்த நடுக்களக்காரர்களும் கத்தினார்கள்தான், பக்கத்தில் ஓடுகிற உயிருள்ளவனுக்குக் கேட்கிற அளவுக்கு. காஸிக்குக்குச் சுவர் இருப்பதை யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் அவன் நிற்கவில்லை.

அவள் வாயைத் திறந்து, "சுவர்," என்றாள். அது அவள் பல்லைக்கூடத் தாண்டவில்லை. மறுபடி சொன்னாள். உள்ளே ஓட்டம் கொஞ்சமும் குறையவில்லை.

கடைக்குத் திரும்பியபோது லியோ ஏற்கெனவே எழுந்து மணிக்குப் பக்கத்தில் போயிருந்தார். "கோர்லிஸ்தானே? எல்லாரும் சரிதானே? அப்புறம் யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது." கயிற்றில் கை வைத்தார். ப்ரோனியா கல்லாவைச் சுற்றி வந்து, மணியின் நாக்கை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டாள். லியோ இழுத்தார். மணி அவள் கைக்குள் செத்தது.

"என்னம்மா ப்ரோனியா, கை நசுங்கிரப்போவுது!"

"செவரீனோவ எடுங்க," என்றாள் அவள்.

"என்ன சொல்றா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"செவரீனோவாம்," என்றாள் தெல்மா. "ஏண்டி, உனக்கு என்ன ஆச்சு? உன் சூப்புக் கரண்டியக் குடுத்தாக்கூட அவன விட நல்லா அடிப்பேன் நான்."

"அவன் கேக்குறான்."

"யாரு?"

"காஸிக். ஓடிக்கிட்டே கேக்குறான். இடமிருக்கான்னு."

கணப்பில் ஒரு விறகு வெடித்தது. அங்கே இருந்த எல்லோரும் சின்ன வயதில் ஏதாவது ஒரு களத்தில் நின்றவர்கள். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லியோ கயிற்றை விட்டுவிட்டுத் தன் கையையே பார்த்தார். ஹாஃபை எடுத்த வருடம் மணி அடித்த கை அதுதான்.

"அடப்பாவிகளா," என்றாள் தெல்மா மெதுவாக. "இத்தன வருஷமா கேட்டுக்கிட்டே ஓடுறானா? ஒருத்தன்கூடப் பதில் சொல்லலையா?"

ஜன்னல் ஓரத்தில் ஸ்ட்ராட் காதுக் கருவியைத் திருகிக்கொண்டார். ப்ரோனியா மணியின் நாக்கை விட்டாள். லியோ அடித்தார். "இந்த வருஷமும் கடைசி எடம்தான்," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார். "பரவால்ல. பழகிப்போச்சு."

செவரீனோ மார்ச் கடைசியில் இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தான். கடையில் அவன் வணக்கம் சொன்னதில் அலமாரியில் இரண்டு கோப்பைகள் விழுந்தன. விஷயத்தை அவனிடம் தெல்மா சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "எங்க ஊர்லயும் கடல் பக்கத்து மைதானத்துல ஒருத்தன் இருக்கான்," என்றான். "என்னைக்கு மூடுபனி வருதோ அன்னைக்குச் சொல்லுங்க."

முதல் ஆட்டத்தன்றே வந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் ஏரியிலிருந்து எழுந்து, சுவரைத் தாண்டி, இடது களத்தை நிரப்பியது. அங்கே நின்ற புதுப்பையன் இடுப்புவரை காணாமல்போய், பயந்து, கூட்டத்தின் பக்கம் ஓடிவந்துவிட்டான். அம்பயர் ஆட்டத்தை நிறுத்தக் கை தூக்கினார். சத்தம் அடங்கியது. அப்போது வசந்த காலத்தில் முதல்முறையாகக் காலடிச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ப்ரோனியா முதல் வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பந்து எதுவும் இல்லை. செவரீனோ தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டான். வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஓடுகிறவனோடு சேர்ந்து பக்கவாட்டில் ஓடினான்.

"இடமிருக்கு!" என்று கத்தினான். நாற்காலிகள் அதிர்ந்தன. "இடமிருக்கு! இடமிருக்கு!" காலடி மாறியது, பக்கத்தில் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தவனுடைய காலடி அது. செவரீனோ இரண்டு கையையும் வாயில் குவித்தான்.

"சுவர்!"

சலவைக்கடையில் விளக்குகள் ஆடின. ஓட்டம் தடுமாறி, குறைந்து, நின்றது. செங்கல்லில் ஒரு வெறுங்கை அறைந்த சத்தம். பிறகு மிக உயரத்திலிருந்து ஏதோ சீறிக்கொண்டு இறங்கி, தோல் கையுறைக்குள் விழுந்தது.

மூடுபனியிலிருந்து காஸிக் நடந்து வந்தான். பழைய பாணிச் சட்டை, இருபத்து நாலு வயது, மீசையில் பனி. கையுறையை அம்பயரிடம் நீட்டினான். அவர் பந்தை எடுத்துப் பார்த்தார். அந்தக் காலத்துப் பந்துகளில் அச்சிடுகிற, செத்துப்போன லீக் தலைவரின் கையெழுத்து அதில் இருந்தது. பந்து ஐஸ்கட்டி போல இருந்ததால் கை மாற்றிக்கொண்டார். பிறகு முஷ்டியை உயர்த்தி, "அவுட்," என்றார். பழைய ஆட்டத்தில் ஹெரன்ஸ் ஒரு ரன்னில் ஜெயித்தது. வேறொரு மாநிலத்து முதியோர் இல்லத்தில், பல வருடங்களாக யாரோடும் பேசாத ஒரு கிழவர், அன்று அந்தப் பந்தை அடித்தவர், அதே நேரம் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, அது அவுட் இல்லை என்று கெட்ட வார்த்தை சொன்னாராம். மூடுபனி விலகியதும் புது ஆட்டம் தொடர்ந்தது. அதில் ஹெரன்ஸ் தோற்றது. மறுநாள் பத்திரிகையில் இரண்டு முடிவுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன.

காஸிக் கடைக்கு வந்து, ப்ரோனியாவின் நரைத்த தலையைப் பார்த்து, "அம்மா, சூப் ஆறிடுச்சா?" என்றான். அவள் அன்று திருத்தவில்லை. மறுநாளும் திருத்தவில்லை. சூடு பண்ணிக் கொடுத்தாள். கணப்புக்குப் பக்கத்தில் லியோ தன் நாற்காலியை அவனுக்கு விட்டுக்கொடுத்தார். கோடை முழுவதும் அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்குவது மெல்ல மெல்லக் குறைந்தது. கை மட்டும் சூடாகவே இல்லை. மேஜைக்கு மேலே அவன் அமைதியாக இருப்பான். கீழே இரண்டு பாதங்களும் தரையைத் தட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர்களுக்கு அது கடிகாரச் சத்தம் மாதிரி பழகிவிட்டது.

அந்த வருடம் பனி விழுந்தபோது இடது களம் ஒரு தடம்கூட இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. எல்லோரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இடது களத்துக்கு யார் என்று பேச்சு வந்தது. எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது.

"வயசு இருபத்து நாலு," என்றார் லியோ. "மூணு வருஷத்துக்குப் போடலாம்."

"கால் தேஞ்சிருக்குமேய்யா," என்றாள் தெல்மா. "எவ்வளவு ஓடியிருக்கான்."

"ஆனா அந்தக் கேட்ச! அத எவன் புடிப்பான்?"

ஸ்ட்ராட் கருவியைத் திருகினார். லியோ மணியை நோக்கி எழுந்தார். காஸிக் ஆசையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். மேஜைக்கு அடியில் பாதங்கள் வேகமெடுத்தன.

"வேண்டாம்," என்றாள் ப்ரோனியா.

இந்த முறை யாரும் குனிந்து கேட்க வேண்டியிருக்கவில்லை. பின்வரிசைவரை கேட்டது.

"அவனுக்கு நிக்கத் தெரியாது. சுவர்னு யாராவது சொன்னாத்தான் நிக்கிறான். சொல்றதுக்கு எல்லா வருஷமும் ஆள் கெடைக்காது."

அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் தன் கனத்த காலணியை அவன் பாதத்தின் மேல் வைத்து அழுத்தினாள். சத்தம் நின்றது. லியோ கயிற்றை விட்டார். பிறகு திரும்பி வந்து, டொலீடோ பக்கம் ஒரு பையன் இருக்கிறானாம், இடது கைக்காரன், தோள் கொஞ்சம் பழுது என்கிறார்கள் என்று தொடங்கினார்.

"தோள் நல்லாத்தான் இருக்கு," என்றாள் ப்ரோனியா. "நான் விசாரிச்சேன்."