பத்து வருஷப் புளி

கல்யாணம் ஆகப்போகிற ஜோடிகளுக்கு வரவு செலவுக் கணக்குப் போடச் சொல்லிக் கொடுக்க, மலைமேல் இருக்கும் காவலூருக்கு பேங்க்காரர்கள் வந்தபோது, முதல் வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருந்த ஜோடி ஈஸ்வரியும் அவளுக்கு நிச்சயித்த ஜீவானந்தமும்தான். கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னதால் ஈஸ்வரிக்கு மண் உண்டியல் ஒன்று பரிசு. அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஊருக்குள் நடந்ததைப் பார்க்காத கண் இல்லை.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். கல்யாணம் மலையிலேயே, மாரியம்மன் கோயில் வாசலில். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, போதும். நைனாவின் புளிய மரங்கள் தரும் காசில் சாமை உமி நீக்கும் மிஷின் வாங்கிவிட்டால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போளூருக்கு ஓட வேண்டாம். "நீ சொன்னா சரிதான் ஈசு," என்றான் ஜீவானந்தம். நல்ல பையன். யார் சொன்னாலும் சரிதான் என்பான். அவனிடம் இருந்த கோளாறே அதுதான்.

ஒன்றை மட்டும் பேங்க்காரர்கள் சொல்லித் தரவில்லை. சிக்கனத்துக்கு ஊர் வேறு பெயர் வைத்திருக்கிறது.

பெட்டிக்கடை சகுந்தலாதான் ஆரம்பித்தாள். "புளிய மரத்துக்கார வூட்டுப் பொண்ணுக்கு சாமைச் சோத்துல கல்யாணமா? இன்னா அவசரமாம்?" கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினாள், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஈஸ்வரிக்கு மாசம் மூன்று. அடுத்த ஊரில் நான்கு.

ஈஸ்வரி சிரித்தாள். "அவங்க வாய், அவங்க பேசுறாங்க. நம்ம காசா செலவாவுது, நைனா?"

அவள் நைனா சக்கரவர்த்தி சிரிக்கவில்லை. "படிச்சத பேங்க்ல போய்ச் சொல்லு. நாளைக்கு நான் எப்டி வெளிய தலகாட்டறது?"

மறுநாள் மலையிறங்கினார். திரும்பும்போது போளூரில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. அதற்காக மரங்களின் காய்ப்பை, இந்த வருஷத்தோடு சேர்த்துப் பத்து வருஷத்துக்கு, ஒரு வியாபாரிக்கு எழுதிக் கொடுத்தும் ஆகிவிட்டது.

ஈஸ்வரி ஜீவானந்தத்துக்குப் போன் போட்டாள். "மாமா, நீயாச்சும் வேணான்னு சொல்லு. மாப்ள சொன்னா கேப்பாரு."

"ஒரு நாள் கூத்துதான, ஈசு." கொஞ்சம் இழுத்தான். "கோட்டுக்கு வேற அளவு குடுத்துட்டேன்."

தையில் கல்யாணம். வாசலில் ஆளுயர பேனர், தலைக்கு மேலே ட்ரோன், மட்டன் பிரியாணி. மலையே வேன் பிடித்து இறங்கிப்போய்ச் சாப்பிட்டது. பந்தி விசாரிக்கப் பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தபோது, சகுந்தலா எலும்பை உறிஞ்சிக்கொண்டே பக்கத்து இலைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இம்மாஞ் செலவு பண்ணி மூடறாங்கன்னா, இன்னாமோ இல்லாமயா?"

ஈஸ்வரி காதில் அது விழுந்தது. "நல்லா சாப்டுங்க அக்கா," என்று நகர்ந்தாள்.

மாசியில் புளி உலுக்கினார்கள். வியாபாரி கூலிக்கு ஆள் தேடினார். ஈஸ்வரி போனாள், வேறு என்ன செய்வாள்? சின்ன வயசில் ஏறி விளையாடிய மரத்தின் அடியிலேயே உட்கார்ந்து ஓடு தட்டி, கொட்டை எடுத்துப் போட்டாள். மூட்டைகளை ஜீவானந்தம் வாடகை வேனில் ஏற்றினான்.

அந்தப் பக்கம் போன சகுந்தலா நின்றாள். "அதான்டி கல்யாணம்! பிரியாணி வாசம் இன்னும் கையில கீது." கண் மட்டும் ஈஸ்வரியின் வயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஒன்றும் தெரியாத ஏமாற்றத்தோடு போய்விட்டாள்.

ஈஸ்வரி நிமிரவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு சுளையை வாய்க்குக் கொண்டுபோனாள். வியாபாரியின் ஆள் பார்த்துக்கொண்டிருந்தான். சுளையைக் குவியலிலேயே போட்டாள்.